ஐஸ் பெட்டிக்குள் சுருட்டு: ஈரத்தைக் காக்க எது தோது?

"ஐஸ் பெட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். உள்ளே எதைப் போடுவது?"

சுருட்டு காயாமல் இருக்க, வழக்கமான மரப்பெட்டிக்குப் பதிலாகச் சுற்றுலாவுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் ஐஸ் பெட்டியில் வைக்கத் தொடங்கி, இந்தக் கேள்வியோடு வருபவர் ஏற்கெனவே நாலு பேரிடம் கேட்டிருப்பார். ஒருவர் ஈரப்பத பாக்கெட் என்றிருப்பார். இன்னொருவர் சிலிக்கா மணி என்றிருப்பார். மூன்றாமவர் பூனை மணலே போதும் என்று சிரித்திருப்பார். நாலாமவர் விசிறி வைத்த மின்கருவியைக் காட்டியிருப்பார். நாலு பேர் சொன்னதிலும் பொய் இல்லை. அவரவர் பெட்டியின் அளவு வேறு, திறந்து மூடும் பழக்கம் வேறு. அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மரப்பெட்டியில் வருஷக்கணக்காக வேலை செய்த ஈரப் பஞ்சு ஒன்று கைவசம் இருந்தது. அதையே சோப்பு டப்பாவில் வைத்து ஐஸ் பெட்டிக்குள் இறக்கினேன். பத்தாம் நாள் திறந்து பார்த்தால் ஈரப்பத மீட்டரில் 82 சதவீதம். மேல் வரிசைச் சுருட்டுகளில் வெள்ளையாகப் பூசணம். பஞ்சின் மேல் குற்றம் இல்லை. பெட்டி மாறிவிட்டதை நான்தான் கணக்கில் எடுக்கவில்லை.

## மரம் குடிக்கும், பிளாஸ்டிக் குடிக்காது

மரப்பெட்டி ஓயாமல் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். மரம் கொஞ்சம் குடிக்கும், மூடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் போகும். அதனால் அங்கே 'ஈரம் கொடுத்துக்கொண்டே இரு' என்பதுதான் வேலை. ஐஸ் பெட்டி நேர் எதிர். சுவர் ஒரு சொட்டும் குடிக்காது, ரப்பர் விளிம்பு நன்றாக இருந்தால் வெளியேயும் போகாது. உள்ளே போன ஈரம் உள்ளேயேதான் கிடக்கும். ஐஸ் பெட்டிக்காரர்கள் பயப்பட வேண்டியது வறட்சிக்கு அல்ல, ஈரம் கூடிப்போவதற்கு.

ஒரு சின்னக் கணக்கு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் சொச்சம் நீராவியைத் தாங்கும். 50 லிட்டர் பெட்டியில் 65 சதவீத ஈரப்பதம் என்றால், அந்தக் காற்று முழுவதிலும் இருக்கும் தண்ணீர் அரை கிராமை ஒட்டித்தான் வரும். ஒரு நடுத்தரச் சுருட்டின் எடையிலோ தோராயமாக எட்டில் ஒரு பங்கு தண்ணீர், அதாவது ஒன்றரை கிராம் அளவுக்கு. நூறு சுருட்டு என்றால் 150 கிராம் பக்கம் வந்துவிடும்.

ஆக, ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும் குளம் புகையிலைதான், காற்று இல்லை. பெட்டி நிறைந்திருந்தால் சுருட்டுகளே ஒன்றையொன்று நிதானமாக வைத்துக்கொள்ளும், மூடியைத் திறந்து மூடினால் போவது அரை கிராம்தான். பெட்டி காலியாகக் காலியாக அந்தக் குளம் வற்றும், மீட்டர் காட்டும் ஈரப்பத எண்ணும் ஊசலாடும். அதே காரணத்தால், எல்லாச் சுருட்டும் ஒருமுறை 72க்கு ஏறிவிட்டால் 65க்கு இறக்க வாரக்கணக்கில் ஆகும். காற்றை மாற்றினால் போதாது, ஒவ்வொரு சுருட்டிலிருந்தும் ஈரத்தை வெளியே வரவைக்க வேண்டும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் கேள்வி: கொடுக்க மட்டும் தெரியுமா, வாங்கவும் தெரியுமா? ஐஸ் பெட்டிக்கு இதுதான் தலையாய கேள்வி. இதில் தோற்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம் என்பேன்.

அடுத்து, அது தானாக ஓர் எண்ணில் நிற்குமா, இல்லை நீங்கள் பக்கத்தில் நின்று பிடித்து நிறுத்த வேண்டுமா என்று பாருங்கள். அப்புறம் கொள்ளளவு: உங்கள் பெட்டியின் அளவுக்கு அதன் தண்ணீர்க் கையிருப்பு போதுமா? கடைசியாக, கெட்டுப்போனால் எந்தப் பக்கம் கெடும்? காய்ந்துபோன சுருட்டைப் பொறுமையாக மீட்டுவிடலாம். பூசணம் பிடித்ததைப் பெரும்பாலும் தூக்கித்தான் போட வேண்டும். கெட்டாலும் வறட்சிப் பக்கம் கெடுகிற வழியே எனக்கு நல்ல வழி.

எந்த எண்ணுக்கு வைப்பது? 21 டிகிரியில் 70 சதவீதம் என்பது பழைய சூத்திரம். அது கசியும் மரப்பெட்டிக் காலத்தது. இறுக்கமாக மூடும் ஐஸ் பெட்டிக்கு 65 போதும். இழுப்பு லேசாக வரும், சீராக எரியும், பூசணம் தலைகாட்டத் தொடங்கும் 75க்கு முன்னால் பத்துப் புள்ளி இடைவெளியும் கிடைக்கும்.

## இருவழி ஈரப்பத பாக்கெட்

போவெடா போன்ற பாக்கெட்டுகளுக்குள் இருப்பது உப்புக் கரைசல். உறையின் சவ்வு நீராவியை மட்டும் விடும், தண்ணீரை விடாது. நிறைவுற்ற உப்புக் கரைசல் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஓர் ஈரப்பதம் உண்டு. காற்று அதைவிட உலர்ந்திருந்தால் கொடுக்கும், ஈரமாக இருந்தால் வாங்கிக்கொள்ளும். உறையில் 62, 65, 69, 72 என்று அச்சிட்டிருப்பது அந்த எண்தான்.

பொதுவாகச் சொல்லும் அளவு, 25 சுருட்டுக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: இன்றைக்கு உள்ளே எத்தனை சுருட்டு இருக்கிறது என்பது கணக்கில்லை, பெட்டி எத்தனை சுருட்டு கொள்ளும் என்பதே கணக்கு. 200 சுருட்டு பிடிக்கும் பெட்டியில் 30 சுருட்டைப் போட்டு ஒரே ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள் அதிகம்.

மறைமுகச் செலவு இங்கேதான். பாக்கெட் தீர்ந்துபோகும் பண்டம். உள்ளே குழகுழவென்று இருக்கும்வரை உயிர் உண்டு, தொட்டால் மொறமொறவென்று கெட்டியாகிவிட்டால் மாற்ற வேண்டும். கசியும் மரப்பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வருவது இறுக்கமான ஐஸ் பெட்டியில் அதைவிட வெகுநாள் வரும். பெட்டி பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு முறையும் கை நிறைய வாங்க வேண்டியிருக்கும். காய்ந்த பாக்கெட்டைத் தண்ணீரில் ஊறவைத்து மீட்பவர்களும் உண்டு. ஓரளவு மீளும். ஆனால் நீர் அதிகமாகிவிட்டால் உப்பு முழுவதும் கரைந்து, அச்சிட்ட எண்ணைவிட மேலே போய் நிற்கும். நான் ஊறவைப்பதில்லை.

இன்னொன்று: 65ஐயும் 69ஐயும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். சராசரி 67 கிடைக்கும் என்று நினைப்பீர்கள். 69 தன் தண்ணீரை 65க்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒன்று காயும், மற்றது வீங்கும்.

பாக்கெட் கெட்டால் காய்ந்துதான் கெடும். என் கணக்கில் அதற்குப் பெரிய மதிப்பெண்.

## பதப்படுத்திய சிலிக்கா மணிகள்

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளில் உப்பை ஏற்றி 60, 65, 70 என்று எண் வைத்து விற்பது இந்த வகை. இவையும் இருவழிதான். பாக்கெட்டைப் போலத் தூக்கிப் போட வேண்டியதில்லை, ஒருமுறை வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். காய்ந்தால் வெள்ளையாகும், நீர் ஏறினால் கண்ணாடி போலத் தெளியும். ஒரு பார்வையில் நிலைமை தெரிந்துவிடும் என்பது பெரிய சௌகரியம்.

ஆனால் தண்ணீர் தெளிக்கக் கை பழக வேண்டும். காய்ச்சி வடித்த நீரைப் பனிப்படலமாகத் தெளிக்க வேண்டும். நேராக ஊற்றினால் மணிகள் படபடவென்று வெடித்துப் பொடியாகும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள தாதுக்கள் நாளடைவில் துளைகளை அடைத்துவிடும். எல்லா மணியையும் தெளியவைத்துவிட்டால் வாங்கிக்கொள்ள இடமே இருக்காது. அப்போது இருவழிக் கருவி ஒருவழிக் கருவியாகிவிடும். மூன்றில் ஒரு பங்காவது வெள்ளையாக இருக்கட்டும்.

50 லிட்டருக்கு மேல் போகும் பெட்டிக்கு மணிகள்தான் கட்டுப்படியாகும். வலைப்பையில் போட்டு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று பிரித்து வைக்கலாம். பத்துச் சுருட்டு வைத்திருப்பவருக்கு இத்தனை மெனக்கெடல் எதற்கு?

## பூனை மணல்

கேட்டவுடன் முகம் சுளிப்பார்கள். பூனைக் கழிவுக்குப் போடும் சிலிக்கா மணலும் சிலிக்கா ஜெல்தான். வாசனை சேர்க்காத, முழுக்க சிலிக்காவான வகையாக இருக்க வேண்டும். களிமண் வகை ஆகவே ஆகாது. வண்ணப் பரல்கள் கலந்ததும் வேண்டாம்.

மற்ற மணிகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உப்பு. இதில் எண்ணைக் கட்டிப்போட எதுவும் இல்லை. நீங்கள் எவ்வளவு தண்ணீர் தெளித்தீர்களோ, அதற்கேற்ற ஈரப்பதத்தில் போய் நிற்கும். 65 வேண்டுமா? 65 வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, இரண்டு நாள் காத்திருந்து, மீட்டரைப் பார்த்து, மறுபடி தெளிக்க வேண்டும். ஒருமுறை நிலைக்கு வந்துவிட்டால் மலைபோல அசையாது, ஏனென்றால் மலிவு என்பதால் கிலோக்கணக்கில் போட்டிருப்பீர்கள். அந்த அளவே அதன் பலம்.

மறைமுகச் செலவு உங்கள் நேரம்தான். முதல் ஒரு மாதம் மீட்டரும் கையுமாக அலைய வேண்டும். தூசியும் பறக்கும். சல்லடையில் சலித்து, மெல்லிய துணியில் கட்டி வையுங்கள். நிறம் மாறும் நீலச் சிலிக்கா எங்காவது கண்ணில் பட்டால், அதைச் சுருட்டுப் பக்கமே கொண்டுவர வேண்டாம். அதில் கோபால்ட் குளோரைடு சேர்ப்பதுண்டு, அது நச்சு.

பொறுமைசாலிக்கும் பெரிய பெட்டிக்காரருக்கும் இது நன்றாகவே வேலை செய்யும். 'வைத்தேன், மறந்தேன்' என்று இருக்க நினைப்பவர் தொட வேண்டாம்.

## கிளைக்கால் கலவையும் ஜெல் ஜாடியும்

புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து பஞ்சிலோ ஜெல் பரல்களிலோ ஊற்றுவது பழைய வழக்கம். '70இல் நிற்கும்' என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் சரிபாதிக் கலவையின் நீராவி அழுத்தத்தைக் கணக்குப் போட்டால் 80ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது. தண்ணீர் ஆவியாகி கிளைக்காலின் பங்கு கூடக்கூட 70க்கு இறங்கும், அப்புறம் அதற்கும் கீழே. நிலையான எண் என்று ஒன்று இல்லை. கசியும் மரப்பெட்டி இந்தத் தள்ளாட்டத்தை மறைத்துவிடும். ஐஸ் பெட்டி மறைக்காது.

வெறும் தண்ணீர் ஊற்றிய ஜெல் ஜாடி இதைவிட மோசம். அது 100ஐ நோக்கித்தான் போகும். என் சோப்பு டப்பாப் பஞ்சின் உறவுக்காரன். ஐஸ் பெட்டிக்கு இந்த இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை.

## விசிறி வைத்த மின்கருவி

உணரி பார்க்கும், குறைந்தால் விசிறி சுற்றும், ஈரக் காற்று வரும், எண் வந்ததும் நிற்கும். கேட்க அருமை. ஆனால் இதற்குக் கொடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. இறுக்கமான ஐஸ் பெட்டியில் எண் குறைவதே அபூர்வம், ஆகவே கருவி பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். உணரி இரண்டு மூன்று புள்ளி தவறாகக் காட்டினால் நாள் தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை ஏற்றிக்கொண்டே போகும். மின்கம்பியை உள்ளே கொண்டுபோக வடிகால் துளையைப் பயன்படுத்தினால் அங்கே கசிவு. தேங்கிய தண்ணீரை அவ்வப்போது மாற்றாவிட்டால் வாடை.

அதில் உண்மையிலேயே பயனுள்ள உறுப்பு விசிறி. உயரமான பெட்டியில் மேலும் கீழும் நாலைந்து புள்ளி வித்தியாசம் வருவது சகஜம். பேட்டரியில் ஓடும் சின்ன விசிறியை மட்டும் மணிகளோடு சேர்த்து, ஒரு மணி நேரத்துக்குச் சில நிமிடம் ஓடவிட்டால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். அலமாரி அளவுக்குப் பெரிய பெட்டி, தினம் பல முறை திறப்பு, வெளியே வறண்ட குளிர் என்று மூன்றும் சேர்ந்தால் முழுக் கருவிக்கும் நியாயம் உண்டு.

## ஒரு பார்வையில்

| வழி | ஈரம் வாங்குமா? | தானே ஓர் எண்ணில் நிற்குமா? | தொடர் செலவு | கெட்டால் |
|---|---|---|---|---|
| இருவழி பாக்கெட் | வாங்கும் | நிற்கும் | புது பாக்கெட் | காயும் |
| பதப்படுத்திய மணி | வாங்கும், இடம் விட்டிருந்தால் | நிற்கும் | வடித்த நீர் மட்டும் | அதிகம் தெளித்தால் ஈரம் கூடும் |
| பூனை மணல் | வாங்கும் | நிற்காது, நீங்கள் நிறுத்த வேண்டும் | உங்கள் நேரம் | அதிகம் தெளித்தால் ஈரம் கூடும் |
| கிளைக்கால் கலவை | அரைகுறை | நகர்ந்துகொண்டே இருக்கும் | வடித்த நீர், கலவை | முதலில் ஈரம், பிறகு வறட்சி |
| மின்கருவி | வாங்காது | உணரியைப் பொறுத்தது | மின்சாரம், நீர், சுத்தம் | ஈரம் கூடும் |

## எதைத் தேர்ந்தாலும் கூடவே வேண்டியவை

முதலில் மீட்டர். அதை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பை எடுத்து, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரைந்துவிடக் கூடாது. மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் நாலு புள்ளி குறைத்துச் சொல்கிறது என்று எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். முள் சுற்றும் அழகான மீட்டர்களை நான் நம்புவதில்லை. டிஜிட்டல் இரண்டு வாங்கி, மேலே ஒன்று, அடியில் ஒன்று வையுங்கள்.

அடுத்து மரம். பிளாஸ்டிக் குடிக்காது என்றோமே, அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஸ்பானிஷ் சீடர் பலகை. பெயரில்தான் சீடர், இனத்தால் மஹோகனிக்குச் சொந்தம். தட்டாகவோ, காலி சுருட்டுப் பெட்டியாகவோ உள்ளே வைத்தால் ஈரத்துக்கு இன்னொரு குளம் கிடைக்கும், பிளாஸ்டிக் வாடையும் அடங்கும். ஆனால் காய்ந்த மரம் முதல் இரண்டு வாரம் மடக்மடக்கென்று குடிக்கும். அந்த நாட்களில் எண் 58க்கு விழுந்தால் பதறிப்போய்ப் பஞ்சை நனைத்து வைக்காதீர்கள். சுருட்டை வைக்காமல் மரத்தையும் பாக்கெட்டையும் மட்டும் வைத்துப் பதப்படுத்திக்கொள்வது உத்தமம்.

பெட்டியின் வாடை பற்றி ஒரு வரி: மீன் வைத்த பெட்டி என்றால் விட்டுவிடுங்கள், என்ன செய்தாலும் போகாது. புதுப் பெட்டி என்றால் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, மூடியைத் திறந்தே ஒரு வாரம் காற்றாட விடுங்கள்.

## இந்தக் கருவிகளால் ஆகாத ஒன்று: சூடு

ஐஸ் பெட்டி சூட்டைத் தாமதப்படுத்தும், தடுக்காது. அறை தொடர்ந்து 30 டிகிரியில் இருந்தால் இரண்டு நாளில் பெட்டிக்குள்ளும் 30தான். 24 டிகிரிக்கு மேல் போகப் போகப் புகையிலை வண்டின் முட்டை பொரியும் அபாயம் கூடும். சுருட்டில் ஊசி குத்தியது போலத் துளைகள் தெரிந்தால் அதன் வேலைதான். புதிதாக வரும் சுருட்டுகளைக் காற்றுப் புகாத பையில் கட்டி, ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியிலும், மூன்று நாள் அதன் உறைகுளிர் அறையிலும், திரும்ப ஒரு நாள் கீழ்த்தட்டிலும் வைத்து எடுத்தால் அந்தப் பயம் பெருமளவு நீங்கும். படிப்படியாகச் செய்யாவிட்டால் சுருட்டைச் சுற்றியிருக்கும் மேலிலை வெடிக்கும்.

சூட்டோடு ஈரமும் சேர்ந்து விளையாடும். 30 டிகிரியில் 70 சதவீதம் இருக்கும் காற்றின் பனிநிலை, அதாவது நீராவி சொட்டாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி. அந்தப் பெட்டியை அப்படியே ஏசி அறைக்குத் தூக்கிப் போனால் சுவர் 24க்குக் கீழே இறங்கும், உள்ளே வியர்க்கும், அந்தச் சொட்டு மேல் வரிசையில் விழும். இடம் மாற்றுவதானால் எண் 65க்கு இறங்கிய பிறகு, காலையில் அறை குளிர்ந்திருக்கும்போது மாற்றுங்கள்.

வருஷம் முழுக்கச் சூடு என்றால், ஒயின் குளிர்விப்பானை மாற்றியமைப்பதுதான் சரியான வழி. அங்கே கணக்கே தலைகீழ்: குளிர்த் தகடு ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராக வடித்துக்கொண்டே இருக்கும், வறட்சிதான் எதிரி. ஐஸ் பெட்டிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய மின்கருவி அங்கே கைகொடுக்கும்.

## சரி, உங்களுக்கு எது?

25இலிருந்து 100 சுருட்டு வரை, வாரம் ஓரிரு முறை திறப்பு: 65 பாக்கெட். யோசிக்க ஒன்றும் இல்லை.

பல பெட்டிச் சுருட்டுகளை அடுக்கி வருஷக்கணக்கில் முதிரவைப்பவர்: 65 மணிகள், சீடர் தட்டு, சின்ன விசிறி. முதல் செலவு கூடுதல்தான். மூன்றாம் வருஷம் பாக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மணிகள் முந்தியிருக்கும்.

பெரிய பெட்டி, சின்ன பட்ஜெட், நோண்டிப் பார்க்கும் ஆர்வம்: பூனை மணல். கூடவே இரண்டு 65 பாக்கெட்டை மேலே போட்டால் எண்ணை நிறுத்தும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும்.

இப்போதே பெட்டி 74இல் நிற்கிறதா? எதையும் புதிதாக வாங்க வேண்டாம். பஞ்சு, ஜெல், ஈரம் தருகிற எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சுருட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பூசணம் பட்டதைத் தனியே ஒதுக்குங்கள். காய்ந்த சீடர் பலகையோ காலிச் சுருட்டுப் பெட்டியோ உள்ளே வைத்து, வெளிக்காற்று உலர்ந்திருக்கும் நாளில் தினம் பத்து நிமிடம் மூடியைத் திறந்து வையுங்கள். வாரத்துக்கு ஓரிரு புள்ளி இறங்கினால் போதும், அவசரப்படுத்தினால் மேலிலை வெடிக்கும். 67க்கு வந்த பிறகு பாக்கெட்டை உள்ளே வைக்கலாம்.